கழற்றியதை எங்கே வைப்பது

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சிரிக்கலாம். நான் சொல்வது அந்த மாதிரிப் பொய் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் என் அக்காவிடம் நான் சொன்ன ஒரு வரிப் பொய்.

அந்த வரி இதுதான்: “ஆமாக்கா, அந்த ரூம்லதான் உக்கார வெச்சு சொன்னாங்க.”

என் மனைவி ஒரு மருத்துவமனையில் இறந்துபோனாள். அந்த மருத்துவமனைக்கு வரைபடம் போட்டவள் என் அக்கா. மருத்துவர்கள் உறவினர்களிடம் கெட்ட செய்தியைச் சொல்வதற்கென்று அதில் ஒரு சின்ன அறை வைத்திருந்தாள். “பேசும் அறை” என்று வரைபடத்தில் அதற்குப் பெயர். என்னை அந்த அறையில் யாரும் உட்கார வைக்கவில்லை. உட்கார வைத்தார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். சொன்னது அவளுடைய மனசு ஆறுவதற்காக. மனசு ஆறியதோடு நிற்காமல், பிறகு போன இடமெல்லாம் அவள் அதையே உதாரணமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு இன்னொரு மருத்துவமனையின் புது வார்டுக்கு அக்கா கையெழுத்துப் போடுகிறாள். அதிலும் அதே அறை, அதே இடத்தில், அதே தவறோடு இருக்கிறது. இன்று மாலை ஆறு மணிக்கு வரைபடத்தோடு என் வீட்டுக்கு வருகிறாள். இப்போது மணி மூன்றே கால். அதற்குள் உண்மையைச் சொல்லும் துணிச்சல் வர வேண்டும், இல்லாவிட்டால் ஒரு கதையாவது வர வேண்டும். துணிச்சல் வருகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(ஏன் என் வீட்டுக்கு வருகிறாள் என்று கேட்பீர்கள். கையெழுத்துக்கு முந்தின நாள் வரைபடத்தை எனக்கு விளக்குவது அவளுடைய வழக்கம். எனக்கு வரைபடம் என்றால் மேல் எது கீழ் எது என்றுகூடத் தெரியாது. “இந்த மக்குக்குப் புரிஞ்சிட்டா எல்லாருக்கும் புரிஞ்சிடும்” என்பாள். எனக்குப் புரியாத இடத்தைத் திரும்ப வரைவாள். இருபது வருடமாக நான் ஆற்றிவரும் ஒரே பொதுத்தொண்டு இது.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்த ஆர்க்கிடெக்ட் தன் வரைபடத்தைச் சுருட்டியபடி...”

மழை பெய்யவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அடித்துவிட்டேன்.

அடுத்தது:

“சுவர்கள் நகரும் என்று பெரியவர் சொன்னபோது யாரும் நம்பவில்லை. அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்து...”

அக்காவை அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும் என்று அறுபது வயது ஆண் ஒருவரைக் கொண்டுவந்தேன். பைப் பிடிக்கும் மனிதரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கம் வரை அவர் பைப்பைத் துடைத்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு வார்த்தை உருப்படியாகப் பேசவில்லை. அனுப்பிவிட்டேன்.

சரி, இருப்பதையே சொல்கிறேன். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். மற்றவர்களுடைய பிழைகளை. என் அக்காவை நர்ஸுகள் “டேப் மேடம்” என்று கூப்பிடுவார்கள், ஏனென்றால் கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, அளவு டேப் இருக்கும். எங்கள் வீட்டுக் கல்யாணத்தில்கூட மண்டபத்தின் கதவை அளந்துவிட்டு, “ஸ்ட்ரெச்சர் போகாது” என்றவள் அவள்.

அவளுடைய வேலை, மாறக்கூடிய மருத்துவமனை கட்டுவது. “ஒரு ஆஸ்பத்திரிக்கு அம்பது வருஷம் ஆயுசுடா. அம்பது வருஷத்துல என்னென்ன நோய் வரும்னு எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? அப்ப கட்டடம்தான் வளைஞ்சு கொடுக்கணும்.” அதற்காக அவள் எல்லாக் கட்டிலின் தலைமாட்டிலும், இன்று தேவையோ இல்லையோ, ஆக்சிஜன் குழாயையும் பிளக்குகளையும் ஒரு பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுவாள். தடுப்புச் சுவர்கள் கூரையில் ஓடும் தண்டவாளத்தில் தொங்கும். சாதாரண வார்டாக இருப்பது ஓரிரு மணி நேரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவாகிவிடும். நோயாளி ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேண்டியதில்லை, அறையே வேறு அறையாகிவிடும்.

இந்தக் கதையையும் அப்படி எழுதலாம் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. எந்தப் பகுதியையும் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம். அதனால்தான் எண் போட்டிருக்கிறேன்.

3

போன வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். “ஒரு ஆள் குறையுதுடா. வந்து சும்மா நில்லு.”

மருத்துவமனையின் பழைய சலவைக்கூடத்தில் புது வார்டை முழு அளவில் அட்டையால் கட்டியிருந்தார்கள். கட்டியவர் ஒரு தச்சர். சுவர், கதவு, கழிப்பறை எல்லாம் அட்டை. கட்டில்களும் நாற்காலிகளும் நிஜம். லிஃப்ட் வரும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் ஒரு சதுரமாகப் போட்டிருந்தார்கள். கட்டுவதற்கு முன்னால் நர்ஸுகளையே அதில் வேலை செய்ய விட்டுப் பார்ப்பது அக்காவின் முறை. சாதாரண வார்டைத் தீவிர சிகிச்சைப் பிரிவாக மாற்ற எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அன்றைக்குக் கணக்கு.

தலைமை நர்ஸை எல்லோரும் “பெரிய சிஸ்டர்” என்றார்கள். (முதல் பிரதியில் அவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு சிடுமூஞ்சி தேவைப்பட்டது. ஆனால் அவர் ஓயாமல் சிரிக்கிறவர். என்ன செய்ய.) அவர் என் சட்டையில் “உறவினர்” என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டார்.

“சார், நீங்க அழல்லாம் வேணாம். சும்மா நின்னா போதும்.”

“முயற்சி பண்றேன் சிஸ்டர்,” என்றேன். என் மனைவி விஷயம் அவருக்குத் தெரியாது.

விசில் ஊதினார்கள். என்ன வேகம் அது! தடுப்புகள் சரசரவென்று ஓடின. தலைமாட்டுப் பலகைகள் திறந்தன. “வென்டிலேட்டர்” என்று எழுதிய அட்டைப்பெட்டிகள் உள்ளே வந்தன. தீவிர சிகிச்சையில் உறவினர் உட்காரும் நாற்காலிக்கு இடமில்லை, படுக்கும் சோபாவுக்கும் இல்லை, கட்டிலோர மேசைக்கும் இல்லை. அதெல்லாம் வெளியே போக வேண்டும். போயிற்று. முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் பெரிய சிஸ்டர் கையைத் தூக்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா பலகையில் 38 என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டாள்.

“இருங்க, இன்னும் முடியல,” என்றார் ஒத்திகைக்கு வந்திருந்த டாக்டர். “நான் உறவினர்கிட்ட பேசணும்ல?”

அவர் பேசும் அறையின் அட்டைக் கதவைத் திறந்தார். உள்ளே கூரை வரைக்கும் நாற்காலிகள். மேசைகள். செங்குத்தாக நிறுத்திய ஒரு சோபா. அங்கே போடச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. கையில் சாமான் இருந்தது, பக்கத்தில் ஒரு கதவு திறந்திருந்தது, அவ்வளவுதான். டாக்டர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பழகிய கையால் கதவைச் சாத்தினார், என் முழங்கையைத் தொட்டார், சாக்பீஸ் சதுரத்துக்குப் பக்கத்தில் என்னைக் கூட்டிப்போய் நிறுத்தினார்.

“உங்க பேஷன்ட் நல்லாயிட்டாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா அப்போது ஏணியில் ஏறித் தண்டவாளத்தில் சிக்கிய ஒரு சக்கரத்தை டேப்பால் அளந்துகொண்டிருந்தாள்.

டீ குடிக்கும்போது தச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். “பேசுற ரூம்ல சாமானைப் போட்டுட்டாங்களேண்ணே?”

“வேற எங்க சார் போடுவாங்க? எல்லாத்தையும் கழட்டுற மாதிரி மேடம் போட்டிருக்காங்க. கழட்டினதை வைக்க எடம் போடலையே.”

“போட்டா என்ன?”

“தனியா ஒரு ரூம் விட்டா ஒரு பெட்டு போயிடும். பதினாறு பதினஞ்சாகும்.” அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “நான் சொல்லிப் பாக்கலாம்னு இருந்தேன். ஆனா மேடம் மீட்டிங்ல சொன்னாங்களே, அந்த ரூம் சரியா வேலை செய்யுதுன்னு. அவங்க சொந்தத் தம்பியையே அங்கதான் உக்கார வெச்சு சொன்னாங்களாமே. அப்புறம் நாம என்ன சொல்றது?”

நான் டீயைக் குடித்து முடித்தேன். அந்தத் தம்பி நான்தான் என்று அவருக்குச் சொல்லவில்லை.

4

(இந்தப் பகுதியை இங்கிருந்து கழற்றிவிட்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் நடந்தது இதில் இருந்தது. எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. மன்னிக்கவும்.)

5

அக்காமேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்காகத்தான் இந்தப் பகுதி.

என் மனைவி சேர்ந்தபோது அது சாதாரண அறை. சோபாவும் ஜன்னலும் இருந்தன. மூன்றாம் நாள் மூச்சு மோசமானது. வேறொரு மருத்துவமனையாக இருந்தால் அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, தீவிர சிகிச்சைப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று கேட்டு அலைந்திருப்போம். அந்த வாரம் ஊரில் எங்கேயும் இடமில்லை. இங்கே பலகையைத் திறந்தார்கள், இயந்திரங்கள் அவளிடம் வந்தன. ஒரு மணி நேரத்தில் அந்த அறை வேறு அறையானது. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஆக்சிஜன் முகமூடி போடுவதற்கு முன்னால் நர்ஸிடம் சொன்னாள், “இது எங்க நாத்தனார் போட்ட ப்ளான், தெரியுமா?”

“ஏழாவது தடவை சொல்றீங்கம்மா,” என்றார் நர்ஸ்.

“எட்டாவது தடவையும் சொல்லுவேன். ஏங்க, உங்கக்காகிட்ட சொல்லுங்க. நான் ரூமைத் தேடிப் போகல, ரூம் என்னைத் தேடி வந்துச்சுன்னு.”

பதினொரு நாள் இருந்தாள். கடைசி நான்கு நாள் பேச்சில்லை. ஆனால் முதல் ஏழு நாள் பேசினோம், முகமூடி வந்த பிறகும் அதை நகர்த்தி நகர்த்தி. கேஸ் சிலிண்டர் புத்தகம் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து, என்னை ஏன் கல்யாணம் செய்துகொண்டாள் என்பது வரைக்கும். (இரண்டாவதற்கு அவள் சொன்ன பதிலை எழுத மாட்டேன். எனக்கு அது பெருமை சேர்ப்பதாக இல்லை, ஆனால் என் சொத்து அதுதான்.) அந்தப் பதினொரு நாளை எனக்குக் கொடுத்தது என் அக்காவின் வரைபடம். இதை நான் மறந்தால் நான் மனுஷனே இல்லை.

4 (இங்கே மாட்டுகிறேன். வேறு இடம் கிடைக்கவில்லை.)

பதினோராம் நாள் மதியம் இரண்டரை. அந்த வாரம் இன்னும் ஆறு அறைகளை மாற்றியிருந்தார்கள். டாக்டர் வெளியே வந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. “வாங்க, உள்ள போய்ப் பேசலாம்” என்று சின்ன அறையின் கதவைத் திறந்தார்.

ஆறு அறைகளின் நாற்காலிகளும் உள்ளே இருந்தன. டாக்டர் கதவை மெதுவாகச் சாத்தினார், யாரோ உள்ளே தூங்குகிற மாதிரி. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை லிஃப்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போனார்.

“நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணோம். ஆனா அவங்களோட...”

“சார், கொஞ்சம் வழி,” என்றார் சாப்பாட்டுத் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு வந்தவர். நாங்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். வண்டி போனது. அதில் ஒரு தட்டு தொடாமல் அப்படியே இருந்தது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

“நாங்க எவ்வளவோ முயற்சி பண்ணோம்.”

அப்போது லிஃப்ட் திறந்தது. உள்ளே ஐந்து பேர். ஒருவர் எங்களைப் பார்த்துக் கேட்டார், “கீழயா?” டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். லிஃப்ட் மூடியது. மீதி வாக்கியத்தை அவர் சொன்னார்.

 சுவரில் இருந்த தீயணைப்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அழ வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, உட்கார வேண்டும் என்றுதான் தோன்றியது. பத்தடி தள்ளி ஓர் அறை நிறைய நாற்காலி இருந்தது. கடைசியில் தரையில் உட்கார்ந்தேன். டாக்டரும் என்னோடு தரையில் உட்கார்ந்தார், இதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் காலைத் தாண்டி ஆட்கள் போனார்கள்.

சாயங்காலம் அக்கா வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தாள். வழியெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கேட்டாள், “உன்ன உக்கார வெச்சு சொன்னாங்களாடா? அந்தச் சின்ன ரூம்ல?”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

“அது போதும்டா,” என்றாள் அக்கா. “அதுக்காகத்தான் அந்த ரூமுக்கு அவ்ளோ சண்டை போட்டேன்.”

6

மணி ஐந்தேகால். முடிவுக்கு வர வேண்டும். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: தம்பி சொல்கிறான். அக்கா அழுகிறாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டேப்பை எடுக்கிறாள். ஒரு கட்டிலை எடுத்துவிட்டு, கழற்றியதை வைக்க ஓர் அறை போடுகிறாள். பேசும் அறை பேசும் அறையாகவே இருக்கிறது. நல்ல முடிவு. எழுதிவிட்டுத் திருப்தியோடு பேனாவை வைத்தேன். அப்புறம்தான் அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஒருத்தன் நிற்பது தெரிந்தது. அவனுடைய மனைவிக்கு மூச்சு வாங்குகிறது. பதினைந்து கட்டிலும் நிறைந்துவிட்டன. என்னுடைய பதினொரு நாள் அவனுக்குக் கிடைக்காது. கிடைக்காமல் செய்தவன் நான். அவன் முகத்தை எழுத என்னால் முடியவில்லை, அதனால்

முடிவு இரண்டு: தம்பி வாயைத் திறக்கவில்லை. பதினாறு கட்டில். எல்லோருக்கும் கைதட்டல். யாரோ ஒருவர் லிஃப்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். இதற்குக் கதையே தேவையில்லை, தானாக நடந்துவிடும்.

முடிவு மூன்று: மாடிப்படிக்குக் கீழே வீணாகக் கிடக்கும் இடத்தில் சாமானை வைக்கலாம்! கட்டிலும் போகாது, அறையும் போகாது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே தச்சருக்குப் போன் செய்து, ஒரு கதைக்காக என்று சொல்லிக் கேட்டேன்.

“படிக்குக் கீழ சோபாவா? நெருப்பு கிருப்பு பிடிச்சா எல்லாரும் அந்த வழியாத்தான் எறங்கணும். தீயணைப்புக்காரங்க வந்தா ஆஸ்பத்திரியையே பூட்டிடுவாங்க சார். நீங்க கதைய மட்டும் பாருங்க.”

முடிவு நான்கு: மடக்கிச் சுவரில் மாட்டும் நாற்காலிகள். ஆனால் சோபாவை எப்படி மடக்

விடுங்கள். இவ்வளவு நேரம் நான் செய்துகொண்டிருந்தது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. கட்டில் பெரிதா, நாற்காலி பெரிதா என்று நான் ஏன் தீர்ப்பு எழுதுகிறேன்? அந்த வேலை தெரிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கலாம், கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடலாம், கட்டிலே வேண்டும் என்று முடிவெடுத்து அதோடு வாழலாம். எதுவாக இருந்தாலும் அவளுக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக அவள் கையில் தப்பான அளவைக் கொடுத்து வைத்திருக்கிறேன். அரை அங்குலம் தவறினாலே தூக்கம் வராதவள் அவள்.

7

அக்கா இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டாள். கூடத்தில் வரைபடத்தை விரிக்கும் சத்தம் கேட்கிறது.

“டேய் மக்கு, என்னடா பண்ற உள்ள? இந்தச் சாப்பாட்டு மேசையில இருக்கிறதெல்லாம் எடுக்கட்டா?”

“எடுத்துடுக்கா. இதோ வந்துட்டேன்.”

திட்டம் என்னவென்றால், இந்தக் காகிதங்களை அவளிடம் கொடுத்துவிட்டு நான் கடைக்குப் போகிற மாதிரி நழுவிவிடுவது. அவள் படித்து முடித்து, அழுது முடித்து, என்னைத் திட்டியும் முடித்த பிறகு நான் திரும்பி வருவேன். இந்தக் கதையையே அதற்காகத்தான் எழுதினேன், உங்களிடம் மறைப்பானேன். இப்போது மேலே எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். இதை அவள் கையில் திணித்துவிட்டுப் போவதும், லிஃப்டுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொல்வதும் ஒன்றுதான். அந்த டாக்டராவது என்னோடு தரையில் உட்கார்ந்தார்.

ஆகவே காகிதங்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கொடுக்கப் போவதில்லை. வாயால் சொல்லப் போகிறேன்.

என் மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். மேசையில் வேண்டாம், வரைபடம் அவள் கண்ணெதிரில் இருக்க வேண்டாம். ஜன்னல் பக்கம் இரண்டு நாற்காலியை எதிரெதிராகப் போடுகிறேன். போனை அணைத்துவிட்டேன். “என்னடா இது, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?” என்று சிரிக்கிறாள். என் முகத்தைப் பார்க்கிறாள். சிரிப்பு நிற்கிறது.

இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், நன்றி. முடிவு என்னவென்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இனிமேல் நீங்கள் வெளியே இருக்க வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள். கதவைச் சாத்துகிறேன்.

“அக்கா, முதல்ல இப்படி உக்காரு.”